ஆங்கில ரெசிபியில் எல்லாவற்றுக்கும் ‘கட்’ எழுதலாமா? சாப், டைஸ், மின்ஸ் குழப்பம்

கேள்வி – மணத்தக்காளி

கேட்டரிங் டிப்ளமா முதலாண்டு. செய்முறைத் தேர்வுக்கு முன் ரெசிபியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெஜிடபிள் ஃபிரைடு ரைஸுக்கு நான் எழுதியது: “கட் தி ஆனியன்ஸ். கட் தி கேரட்ஸ் இன்டு ஸ்மால் ஸ்மால் பீசஸ். கட் தி கார்லிக் வெரி ஸ்மால். கட் தி கேபேஜ்.” நான்கு ‘கட்’டையும் வட்டம் போட்டு, சரியான வினைச்சொல் எழுதும்படி திருப்பிவிட்டார்கள். அகராதியில் எல்லாவற்றுக்கும் ‘நறுக்கு’ என்றே இருக்கிறது. எதை எங்கே போடுவது?

இன்னொன்று: ஓரிடத்தில் ‘ஒன் கப் சாப்ட் கேஷூநட்ஸ்’, வேறிடத்தில் ‘ஒன் கப் கேஷூநட்ஸ், சாப்ட்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில் – கத்திமுனை

துண்டு கடைசியில் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பாருங்கள். வினைச்சொல் தானாக வந்துவிடும். ‘கட்’ தவறில்லை, ஆனால் அது மட்டும் நின்றால் சமைப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னாலேயே ‘இன்டு’ போட்டு வடிவத்தைச் சொல்ல வேண்டும்: கட் இன்டு வெட்ஜஸ் (ஆப்பு வடிவத் துண்டுகள்), கட் இன்டு ஸ்டிரிப்ஸ் (நீளப் பட்டைகள்).

‘சாப்’ என்றால் துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும், வடிவம் முக்கியமில்லை. ஸ்டாக்குக்கு (காய், எலும்பை வேகவைத்து வடிக்கும் சாறு) போகும் வெங்காயத்துக்கு ‘ரஃப்லி’, பொடியாக வேண்டுமென்றால் ‘ஃபைன்லி’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘டைஸ்’ என்றால் எல்லாப் பக்கமும் சமமான சதுரக் கட்டி. பெரியது சுமார் 2 செ.மீ., நடுத்தரம் 12 மி.மீ., சிறியது 6 மி.மீ. உங்கள் கேரட்டுக்கு இந்த 6 மி.மீ. தான். தோல் சீவி 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் மெல்லிதாகச் சீவித் தட்டையாக்கினால் பலகையில் உருளாது. அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து 6 மி.மீ. பலகைகளாக ‘ஸ்லைஸ்’ செய்து, அடுக்கி, 6 மி.மீ. குச்சிகளாக வெட்டி, குறுக்கே 6 மி.மீ.க்கு ஒரு வெட்டு. குச்சியை 3 மி.மீ. கனத்தில் வெட்டி அப்படியே விட்டால் அது ‘ஜூலியன்’. ஹக்கா நூடுல்ஸுக்கு அதுதான் பொருந்தும். ஃபிரைடு ரைஸில் அடுப்பு முழு வேகத்தில், சில நிமிடம்தான் எரியும். 6 மி.மீ. துண்டோடு 12 மி.மீ. துண்டு கலந்துவிட்டால் சின்னது குழைந்த பிறகும் பெரியது நடுவில் வேகாமல் நறுக்கென்றே இருக்கும்.

‘மின்ஸ்’ அதைவிடப் பொடி. கத்தி நுனியைப் பலகையில் ஊன்றி, அடிப்பகுதியை ஏற்றி இறக்கி, துண்டு தனியாகத் தெரியாத அளவுக்குக் கொத்துவது. பூண்டு, இஞ்சிக்கு இதைப் போடுங்கள். மின்ஸ் செய்த பூண்டு சட்டென்று கருகிக் கசக்கும் என்பதால் அடுத்த வரியிலேயே காய் சேர்க்கும் படி வர வேண்டும். பிரிட்டிஷ் ரெசிபியில் ‘மின்ஸ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் அது கைமா. அமெரிக்கர்கள் அதையே ‘கிரவுண்ட் மீட்’ என்பார்கள்.

முட்டைக்கோஸுக்கு ‘ஷ்ரெட்’, அதாவது நீள நீளமாக மெல்லிய இழைகளாக அரிவது. வெந்த கோழியைப் பிய்த்துப் போடுவதும் ஷ்ரெட் தான். துருவியில் தேய்த்தால் ‘கிரேட்’: தேங்காய், சீஸ், அல்வாவுக்குக் கேரட். பச்சை மிளகாயைக் காம்போடு கீறிப் போடுவதற்கு ‘ஸ்லிட்’.

பதில் – அடுக்களைத்தமிழ்

அந்த முந்திரிக் கேள்விக்கு: இரண்டும் வேறு. காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை அளந்துவிட்டு, பின்னால் இருப்பதைச் செய்ய வேண்டும். ‘ஒன் கப் கேஷூநட்ஸ், சாப்ட்’ என்றால் முழுப் பருப்பாக ஒரு கப் அளந்து அதை நறுக்குவது. ‘ஒன் கப் சாப்ட் கேஷூநட்ஸ்’ என்றால் நறுக்கியதை ஒரு கப் அளப்பது. முழுப் பருப்புக்கு நடுவே இடைவெளி நிறைய; நறுக்கியது அதை அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டாவதில்தான் பருப்பு அதிகம். கொத்தமல்லித் தழையில் வித்தியாசம் இன்னும் பெரிது. கிராமில் கொடுத்திருந்தால் கவலையில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு உச்சரிப்பும் சொல்லிவிடுகிறேன். சாப்ட், ஸ்லைஸ்ட், டைஸ்ட், மின்ஸ்ட் எல்லாம் வல்லின ‘ட்’டில் முடியும்; ‘சாப்பெட்’ கிடையாது. கிரேட்டெட், ஷ்ரெட்டெட் இரண்டில் மட்டும் ஓர் அசை கூடும். ‘கட்’ இறந்தகாலத்திலும் ‘கட்’ தான், ‘கட்டட்’ என்று ஒன்று இல்லை. ஸ்லைஸுக்கு முன் ‘தின்லி’, சாப்புக்கு முன் ‘ஃபைன்லி’. ‘ஸ்மால் ஸ்மால்’ நம் பேச்சு வழக்கு, எழுத்தில் வேண்டாம்.

மணத்தக்காளி

ரொம்ப நன்றி அக்கா, கத்திமுனை அண்ணா. அடுத்த மெனுவில் முழுக்கோழி ரோஸ்ட், மீன் வறுவல் இருக்கிறது. அங்கே?

பதில் – கத்திமுனை

வெந்த ரோஸ்ட்டைப் பரிமாறும்போது வெட்டினால் ‘கார்வ்’. அதற்கு முன் 10–15 நிமிடம் ஆறவிடும் படியையும் எழுதுங்கள். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும். பச்சைக் கோழிக்கு ‘கட் இன்டு எய்ட் பீசஸ்’ போதும். மீனை முள் நீக்கிப் பக்கமாக எடுத்தால் ‘ஃபில்லட்’. வஞ்சிரத்தை முள்ளோடு குறுக்கே வட்டமாகப் போடுவதற்கு ‘கட் இன்டு ஸ்டேக்ஸ்’, கூடவே கனம் 1.5 செ.மீ. என்று எழுதுங்கள். மசாலா இறங்க முழு மீனில் கீறல் போடுவது ‘ஸ்கோர்’. மேலாகக் கீற வேண்டும், நடுமுள்வரை போனால் திருப்பும்போது உடைந்துவிடும்.

ஃபிரைடு ரைஸ் தாளை இப்படித் திருத்திக் கொடுங்கள்: “ஃபைன்லி சாப் தி ஆனியன்ஸ். டைஸ் தி கேரட்ஸ் இன்டு சிக்ஸ் மில்லிமீட்டர் கியூப்ஸ். மின்ஸ் தி கார்லிக். ஃபைன்லி ஷ்ரெட் தி கேபேஜ்.”