வலிக்குதா என்று கேட்பதே தப்பா?

தறிச்சத்தம், சோமனூர்:
நேற்று முதுகு வலி பற்றிய இழையில் வாய்க்கால்மேடு அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாள்பட்ட வலி உள்ளவரிடம் வீட்டார் திரும்பத் திரும்ப "வலிக்குதா?" என்று கேட்கக் கூடாதாம். கேட்கக் கேட்க வலி வேர்விடுமாம். ஏனுங்க, எங்கம்மா திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் குனிந்தே எங்களைப் படிக்க வைத்தவர். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது, பெற்ற பிள்ளை "வலிக்குதாம்மா" என்று கேட்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கோணுமா?

வாய்க்கால்மேடு, கோபி:
தம்பி, அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்க. "அதற்குப் பதிலாக இன்றைக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். இது நான் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தது இல்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1976-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். முனகுவது, நொண்டுவது, போய்ப் படுத்துக்கொள்வது இவற்றுக்கு மட்டும் வீட்டின் கவனம் கிடைத்தால் அவை கூடும். எழுந்து நடந்ததற்குக் கிடைத்தால் நடை கூடும். அவர் முறையில் மாத்திரையை வலித்தபோதெல்லாம் தராமல் கடிகாரம் பார்த்துத் தந்தார்கள். நடையும் அப்படித்தான். வலி வரும்வரை நடப்பதில்லை, முன்கூட்டியே வைத்த அளவு வரை நடப்பது. முதல் அளவு, அவரால் முடிந்ததைவிடக் குறைவு. பத்து நிமிடம் நடக்க முடிகிறவர் ஏழிலேயே உட்கார வேண்டும், வலிக்காவிட்டாலும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஓய்வு அப்போது வேலைக்குக் கூலியாக வரும், வலிக்குக் கூலியாக வராது.

தறிச்சத்தம், சோமனூர்:
வலிக்குக் கூலியா? எங்கம்மா கவனிப்புக்காக நடிக்கிறார் என்கிறீர்களா?

வாய்க்கால்மேடு, கோபி:
நடிப்பு என்று நான் எங்கே எழுதினேன்? வலி நிஜம். பழக்கம் நமக்குத் தெரியாமலேயே படியும் என்றுதான் சொல்கிறேன்.

மஞ்சள்மண்டி, ஈரோடு:
முதலில் எந்த வலி என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். நேற்று வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கும் இதே பேச்சா?

தறிச்சத்தம், சோமனூர்:
மூன்று மாதமோ முப்பது வருஷமோ இருக்கட்டும். கேட்கலாமா, கூடாதா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

பீஸ்ரேட், திருப்பூர்:
அக்கா தூக்கிப் பிடிக்கிற அதே ஃபோர்டைஸ் என்ன செய்தார் என்று நான் சொல்கிறேன். 1995-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் பெயரில், வேலையிடத்து முதுகு வலி பற்றி அவர் தொகுத்த அறிக்கை வந்தது. குறிப்பான காரணம் தெரியாத முதுகு வலி என்றால் ஆறு வாரத்தோடு உதவித்தொகையை நிறுத்தி, அந்த ஆளை வேலையில்லாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்று அதில் யோசனை. கேட்பதை நிறுத்து என்று ஆரம்பித்தால் காசை நிறுத்து என்பதில்தான் போய் முடியும். இங்கே தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள்தான், அதுவும் கூலியில் 70 சதவீதம். அதையும் பறிக்க இந்தப் படிப்பு உதவுமா? பீஸ் ரேட்டில் தைக்கிறவர் ஏழு நிமிடத்தில் எழுந்தால் அன்றைய காசு போச்சு. ஷிப்மெண்ட் நேரத்தில் சூப்பர்வைசரிடம் "அளவு முடிந்தது, எழுகிறேன்" என்று சொல்லிப் பாருங்க.

வாய்க்கால்மேடு, கோபி:
அந்த அறிக்கைக்கு நான் வக்கீல் இல்லை. வலி மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள். 1976-ல் சொன்னது சிகிச்சை, 1995-ல் வந்தது உதவித்தொகைக் கணக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்க. தைலம் பற்றிய இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள், எனக்கு மறக்கவில்லை.

பீஸ்ரேட், திருப்பூர்:
தைலத்தை நீங்கள் குப்பை என்று எழுதினதும் எனக்கு மறக்கவில்லை.

வாய்க்கால்மேடு, கோபி:
குப்பை என்று எழுதவில்லை. தேய்த்துவிட்டுப் படுத்தே கிடக்காதீர்கள் என்று எழுதினேன். இத்தனை வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கதை ஒன்றுதான். மாரியம்மன் நோம்பி வந்தால் வலி கொஞ்சம் குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவி, முறுக்குச் சுட்டு, ஒரம்பரைக்கெல்லாம் சமைத்து முடிப்பார்கள். மறுநாளிலிருந்து படுக்கை. எழுந்ததும் "பார்த்தீங்களா, வேலை செய்தால் வலிக்குது" என்று இருந்த நடையையும் நிறுத்துவார்கள். வலி பயத்தைத் தரும், பயம் அசைவை நிறுத்தும், அசையாத உடம்பு இன்னும் சீக்கிரம் வலிக்கும். இந்தச் சுற்றைத்தான் 2000-ல் விளாயன், லிண்டன் என்ற இரு உளவியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். நல்ல நாளில் நிறுத்தத் தெரியாதவருக்குத்தான் இந்த அளவு முறை அதிகம் உதவுகிறது.

காங்கயம்காளை:
எங்கப்பாவுக்கு ஸ்கேனில் எல் 4 – எல் 5 டிஸ்க், அதாவது இடுப்புப் பக்கத்து நான்காம், ஐந்தாம் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை, பிதுங்கியிருக்கிறது. பிதுங்கினதைப் பேசிப் பேசி உள்ளே தள்ளுவீங்களா?

வாய்க்கால்மேடு, கோபி:
வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. இருபது வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், எண்பதில் 84 சதவீதம். படத்தை மட்டும் பார்த்து இதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் காலில் பலம் குறைந்தால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால் எந்த அளவும் வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இதை எல்லா இழையிலும் எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை.

காங்கயம்காளை:
ஆய்வு என்றால் நானும் ஒன்று சொல்கிறேன். 2020-ல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 75 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சைக்கே பலன் சிறியது என்றார்கள். உங்கள் ஃபோர்டைஸ் முறை போன்ற வெறும் நடத்தை சிகிச்சைக்கு ஆதாரம் அதைவிட மெலிது. அந்த மெலிந்த ஆதாரத்துக்காகத்தான் பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறீர்களா?

வாய்க்கால்மேடு, கோபி:
சிறிய பலன்தான். மாத்திரையின் பலன் பெரியதா? வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு பாரசிட்டமாலையோ புரூஃபன் வகையையோ புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2021-ல் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லிவிட்டது. உடற்பயிற்சியும் இந்தச் சிந்தனை-நடத்தை சிகிச்சையும் அதே வழிகாட்டியில் இருக்கின்றன. வருஷக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி கிட்னியைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாது.

தறிச்சத்தம், சோமனூர்:
மாத்திரை, ஸ்கேன், பிரிட்டன் எல்லாம் வந்தாச்சு. அம்மாவிடம் கேட்கலாமா கூடாதா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பல்லடம்மருமகள்:
நான் ஒன்று சொல்லட்டுங்களா அண்ணா? எங்கள் வீட்டில் மாமியாரிடம் வலிக்குதா என்று கேட்காத ஆளே கிடையாது. மகன் போனில் கேட்பார், நாத்தனார் வந்து கேட்பார், கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் வைப்பது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் நான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து வலியைச் சொல்லி முடிக்கும்போது அவர் முகம் வாடிப்போகும். கேட்கிறவர்கள் சாயங்காலம் கூடவே வாசல்வரை நடந்தால் என்ன?

தறிச்சத்தம், சோமனூர்:
உங்கள் வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவராதீங்க அம்மிணி. நான் போனில் கேட்கிற மகன் இல்லை. தறி ஓட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

பல்லடம்மருமகள்:
உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் சுடுகிறது?

மஞ்சள்மண்டி, ஈரோடு:
மூன்று மாதக் கேள்விக்கு யாராவது…

வாய்க்கால்மேடு, கோபி:
பல்லடத்துப் பொண்ணு சொன்னதுதான் என் கருத்து. தம்பி, உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். காலையில் ஒருதரம் கேளுங்க, போதும். மீதி நேரம் வலியை விட்டுவிட்டு மற்ற பழமை பேசுங்க. தண்ணி எடுத்தாரா, கோவிலுக்கு நடந்தாரா, பேத்திக்குத் தலை பின்னினாரா என்று கேட்டு, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்க. அம்மா முனகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லவில்லை. முனகினால்தான் பிள்ளை பக்கத்தில் வருவான் என்ற நிலையை வைக்காதீங்க என்கிறேன்.

தறிச்சத்தம், சோமனூர்:
ஒருதரம் என்று கணக்கு வைத்தா அம்மாவிடம் பேசுவது? எனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கேட்பேன்.

பீஸ்ரேட், திருப்பூர்:
அந்தம்மா மறுபடி மிஷினில் உட்கார்ந்தால் எத்தனை மணி நேரம் உட்காரலாம், எழுந்து நிற்க யார் விடுவார்கள்? இதற்கு அக்கா புத்தகத்தில் பக்கம் இல்லை போல.

வாய்க்கால்மேடு, கோபி:
இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுங்க, வந்து எழுதுகிறேன். அங்கேயும் 1995-ஐத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால் சரி.

காங்கயம்காளை:
எல் 4 – எல் 5 பற்றிக் கேட்டேன். அதற்கு ஒருத்தரும் நேராகப் பதில் சொல்லவில்லை.