பெட்டி எடை பற்றி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகச் சாமான் அனுப்புவது பற்றி வந்த கடிதங்களை எல்லாம் படித்தேன். துபாய் அண்ணன் எழுதிய ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெட்டிக்கு நாலைந்து கிலோ குறைத்து எழுதினால் மொத்தத்தில் ஒரு பெட்டிக் கூலி மிச்சம், கார்கோகாரர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா, தயவுசெய்து அது வேண்டாம். நானும் ஒரு கார்கோகாரன்தான். போன மாதம் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விமானத் தளத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை எனக்கு. பெரிய ஜெட் எல்லாம் வராது. ஒற்றை எஞ்சின், முன்னால் காற்றாடி, ஒரு விமானி, பின்னால் ஒரு டன் அளவுக்குச் சரக்கு. எல்லாம் சேர்ந்து கிளம்பும்போது 4 டன்னைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு 36 பெட்டி, எல்லாம் வண்டி உதிரிப் பாகம். ஒவ்வொன்றிலும் நீல மையில் 25 கிலோ என்று எழுதியிருந்தது. 900 கிலோ என்று லோடு ஷீட் போட்டாகிவிட்டது. மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது.

தினமும் பார்க்கிற விமானம் எந்த இடத்தில் தரையை விடும் என்று எங்களுக்குக் கண் பழகிப்போயிருக்கும். அன்றைக்கு அந்த இடம் தாண்டியும் அது ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கு நிமிர்ந்தது, சக்கரம் கொஞ்சம் எழும்பிற்று, திரும்பவும் தரையில் உட்கார்ந்தது. ஓடுபாதை முடிந்து, கம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்க் காய்ந்த புல்லுக்கு நடுவே இருந்த வாய்க்காலில் மூக்கு குத்தி நின்றது. நாங்கள் ஓடிப் போனபோது எரிபொருள் வாடை. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. விமானிக்கு 26 வயது. சரக்கு முன்னால் சரிந்து வந்து அவன் இருக்கையை முட்டிக்கொண்டு நின்றது. முதுகெலும்பில் அடி.

உடைந்த பெட்டி ஒன்றிலிருந்து பிரேக் டிரம் புல்லில் உருண்டு கிடந்தது. சாயங்காலம் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடை மெஷினில் வைத்தோம். 31 கிலோ. 36 பெட்டியும் அப்படியென்றால் மொத்தம் 216 கிலோ கூடுதல். மூன்று பேர் யாருக்கும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்த மாதிரி. விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனால் எழுதியிருந்த எடையை நம்பி அந்தப் பெட்டிகளை ஏற்றிய கைகளில் என் கையும் ஒன்று. இரவு படுத்தால் அந்த நீல மை எழுத்துதான் கண்ணில் நிற்கிறது.

216 கிலோ என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்த ஊர் நிலம் அப்படி. ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 1,694 மீட்டரில் இருக்கிறது. இங்கே காற்று ஏற்கெனவே மெலிசு. 30 டிகிரி வெயில் சேர்ந்தால் இன்னும் மெலிந்து, விமானத்துக்கு அது 2,600 மீட்டர் உயரத்துக் காற்றாகிவிடும். நம் தொட்டபெட்டா உச்சியில் நின்று கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் வலு குறையும், காற்றாடிக்கும் பிடி குறையும், இறக்கைக்கும் தூக்கும் சக்தி குறையும். அதனால்தான் அந்தப் பெரிய நிலையத்தில் 4.4 கிலோமீட்டருக்கு ஓடுபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தளத்தில் அதில் பாதிகூடக் கிடையாது.

எடை கூடினால் மட்டும் இல்லை, இடம் மாறினாலும் ஆபத்து. நம்மூரில் வைக்கோல் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும்; முன்பாரம் என்றால் கழுத்தை அமுக்கும். தாத்தா வண்டியைச் சுற்றி வந்து, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். விமானத்துக்கும் அதே கணக்குதான். 1997 ஆகஸ்டில் மயாமியில் ஒரு டிசி 8 சரக்கு விமானம் கிளம்பியதும் விழுந்தது. உள்ளே இருந்தது வெடிபொருள் இல்லை, ஜீன்ஸ் துணி. ஏற்றின விதத்தில் பாரம் பின்னுக்குப் போய், மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது. விமானத்தில் 4 பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள்.

எங்கள் கிடங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். டர்பன் பக்கத்து மெரேபாங்கில் பிறந்தவர், நாலைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வாய்க்காலிலிருந்து திரும்பிய அன்று அவர் 2009 செப்டம்பர் 24 பற்றிச் சொன்னார். பயணிகள் இல்லாமல் 3 ஊழியர்களோடு கிளம்பிய ஒரு சிறிய விமானத்தில் வலது எஞ்சின் கெட்டது. அந்தப் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். மெரேபாங்க் பள்ளி மைதானத்தில் வந்து விழுந்தது. அன்று மரபு தினம், அரசு விடுமுறை. பிள்ளைகள் யாரும் இல்லை. தரையில் இருந்த ஒருவருக்குப் பலத்த காயம். தலைமை விமானி சில நாளில் இறந்துபோனார். "மேலே போனப்புறம் யோசிக்க நேரம் ஏது தம்பி? எல்லாம் கீழேயே பாத்துக்கணும்" என்றார் பெரியவர். கீழே பார்ப்பது எங்கள் வேலை. அனுப்புகிறவர் எழுதும் எண்ணும் அதில் ஒரு பாதி.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காசை மிச்சம் பிடிக்க நினைப்பதும் கோயிலுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு அம்மா அனுப்பிய பெட்டியில் 20 கிலோ என்று எழுதியிருந்தது, எங்கள் மெஷினில் 23 காட்டியது. பார்சல் கடைக்காரர் "முன்னப்பின்ன இருக்கட்டும்" என்றாராம். அன்று நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டியையும் கட்டி முடித்த பிறகு எடை போடுங்கள், கட்டுவதற்கு முன் வேண்டாம். குத்துவிளக்கு, மணி போன்ற கனமான உருப்படிகளைத் தனிப்பெட்டியில் வைத்து, கனம் என்று மேலேயே எழுதுங்கள். கூலி கூடினால் அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன். பொருளாளர் சித்தப்பா என் பேரில் எழுதிக்கொள்ளட்டும்.

அடிபட்ட அந்த விமானிப் பையனை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் பத்தடி நடந்து காட்டினான்.

என் பங்குக்கு இரண்டு பெட்டி தயார். ஒன்று 24.6 கிலோ, இன்னொன்று 27.1. எடைச்சீட்டின் படம் இதோடு இணைத்திருக்கிறேன்.