ரீடச் (படத்தைத் திருத்தி மெருகேற்றுதல்) செய்தால் முகம் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது, என்ன தப்பு?

கேள்வி:
24 மெகாபிக்சல் போர்ட்ரெய்ட். பரு, கருவளையம், நெற்றியில் எண்ணெய் மினுமினுப்பு மூன்றும் போக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் லேயரை டூப்ளிகேட் செய்து காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) போட்டு, மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) வழியாகத் தோலில் மட்டும் தெரியவைக்கிறேன். பருவோடு தோலின் துளைகளும் அழிந்துவிடுகின்றன. ஒப்பாசிட்டியை (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை) குறைத்தால் பரு எட்டிப் பார்க்கிறது.

பதில் 1:
பிளர் நிறத்தையும் துளைகளையும் ஒன்றாகக் குழைத்துவிடும். இரண்டையும் பிரித்துவிட்டு வேலை பாருங்கள்.

முதலில் மேலே ஒரு காலி லேயர். ஹீலிங் பிரஷ்ஷில் (பக்கத்துத் தோலோடு கலந்து சரிசெய்யும் கருவி) சாம்பிளை 'கரண்ட் அண்ட் பிலோ' என்று வைத்து, பருவைவிடக் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுங்கள். தலைமுடி ஓரத்தில் ஹீலிங் வேண்டாம், முடியின் கருமை தோலில் கசியும். அங்கே குளோன் ஸ்டாம்ப் (ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் கருவி).

பிறகு கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஈ அழுத்தி எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி, அதற்கு ஒரு நகல். கீழ் லேயருக்குக் காஸியன் பிளர்: துளைகள் மறையும், மூக்கு, உதடு வடிவம் மறையாது என்ற இடத்தில் ரேடியஸை நிறுத்துங்கள் (முகம் ஃபிரேமை நிறைத்தால் 8 பிக்சல் பக்கத்தில் ஆரம்பிக்கலாம்). மேல் லேயரில் அப்ளை இமேஜ் (ஒரு லேயரை இன்னொன்றோடு கணக்கிட்டுச் சேர்க்கும் கட்டளை): படத்தின் நிற ஆழம் 8-பிட் என்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16-பிட் என்றால் இன்வர்ட் டிக், ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. கடைசியில் மேல் லேயரின் பிளெண்ட் மோட் (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) லீனியர் லைட்.

இனி திட்டுத்திட்டான நிறத்தைக் கீழ் லேயரில் மட்டும் லாஸ்ஸோவால் (கையால் வரைந்து தேர்வு செய்யும் கருவி) வளைத்து, ஃபெதர் (தேர்வின் ஓரத்தை மென்மையாக்கும் அளவு) 20 வைத்து, பிளர் செய்யுங்கள். துளைகள் மேலே பத்திரமாக இருக்கும்.

பதில் 2:
கருவளையத்துக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். 50% கிரே நிரப்பிய லேயர், சாஃப்ட் லைட், வெள்ளை பிரஷ், ஃப்ளோ (பிரஷ்ஷிலிருந்து நிறம் இறங்கும் வேகம்) 2%. மெல்ல மெல்ல ஏற்றுங்கள். முழுக்க அழித்தால் கண் தட்டையாகிவிடும், பாதியோடு விடுவதே அழகு. 200% ஜூமிலேயே உட்கார்ந்திருக்காமல் அடிக்கடி 25%க்கு வந்து பாருங்கள்.

பதில் 3:
மினுமினுப்புக்கு: புது லேயர், டார்க்கன் மோட், பக்கத்துத் தோல் நிறம், ஒப்பாசிட்டி 20%. வெளிச்சப் புள்ளிகள் மட்டுமே அடங்கும், இருண்ட துளைகள் அப்படியே நிற்கும். இன்ஃபோ பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் 255 (உச்ச அளவு) காட்டினால் அங்கே மீட்க விவரமே இல்லை, குளோன் ஸ்டாம்ப்தான்.

கேள்வி கேட்டவர்:
அப்ளை இமேஜ் போட்டதும் படம் முழுக்கச் சாம்பல். லீனியர் லைட் போட்ட பிறகும் நிறம் சரியில்லை.

பதில் 1:
சாம்பல் சரிதான், அப்படித்தான் வர வேண்டும். லீனியர் லைட்டுக்குப் பிறகு படம் பழையபடி தெரியவில்லை என்றால், அப்ளை இமேஜில் லேயர் 'மெர்ஜ்டு' (எல்லா லேயரும் சேர்ந்தது) என்றே இருந்திருக்கும். பிளர் செய்த லேயரைத் தேர்ந்தெடுத்து மறுபடி போடுங்கள்.