புதுப்பிப்பு: நூலில் கட்டிய சிவப்புப் புழு

கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீனுக்கு மண்புழுவுக்குப் பதில், நூலில் கட்டிய குட்டிப் போலிப்புழு எடுபடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நன்றாகவே எடுபடுகிறது!

16ஆம் நம்பர் தூண்டில் முள்ளில் சிவப்புத் தையல் நூலை ஒரே அடுக்காகச் சுற்றி, அதன்மேல் மோட்டார் காயிலின் மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டு வரிந்தால் புழுவின் கணுக்கள் அப்படியே தெரியும். தடித்துவிட்டால் மீன் சீண்டுவதில்லை. சிவப்புக்குக் காரணம் உண்டு: கொசு போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு சேற்றில் வாழ்கிறது, ஆக்ஸிஜன் குறைந்த அந்த இடத்தில் அதற்குக் கைகொடுப்பது உடம்பிலுள்ள ஹீமோகுளோபின். அதன் சிவப்பும் அதனால்தான்; நாம் கட்டுவது அந்தப் புழுவின் போலி.

அப்புறம், தக்கை. முள் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும், இழுக்க வேண்டாம். காற்றில் தக்கை ஆடுகிற ஆட்டமே போதும். லேசாகச் சாய்ந்தாலே தூக்கிவிடுங்கள். அடுத்து பச்சை நூலில் கட்டிப் பார்க்கிறேன்.