கில்டு பேர்ல சாதி, கபடித் தரையில பகை: கோச்சா இருக்கவங்க என்ன செஞ்சீங்க?

வைண்டிங்கடை_கோச்:

எல்லாருக்கும் வணக்கம். நெல்லை மாவட்டம், ஆத்தங்கரை ஊரு. பகல்ல மோட்டார் வைண்டிங் கடை, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல பயலுவளுக்குக் கபடி சொல்லிக் குடுக்கேன். 11 வருஷமாச்சு. இப்ப 14 பேரு வாரானுவ, ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து ஐடிஐ வரைக்கும். மூணு தெருப் பயலுவளும் கலந்துதான் ஆடுதானுவ. அது தானா அமையல, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னு கேட்டுக் கூட்டிட்டு வந்தது.

என் லெஃப்ட் கார்னரும் (இடது ஓரத்துல நிக்கவன்) லெஃப்ட் 'இன்'னும் (அவனுக்குப் பக்கத்துல உள்பக்கம் நிக்கவன்) ரெண்டு வருஷமா சோடியா ஆடுதவனுவ. கபடி பழக்கம் இல்லாதவங்களுக்காகச் சொல்லுதேன். பாடி வாரவன், அதாவது ரைடர், அந்தப் பக்கம் திரும்பும்போது இவனுவ ரெண்டு பேரும் கை கோத்து நிக்கணும். செயின்னு சொல்லுவோம். விரலுக்குள்ள விரலை விடக் கூடாது, ஒடிஞ்சிரும். உள்ளங்கையும் உள்ளங்கையும் கொக்கி போட்ட மாதிரி இறுகி இருக்கணும். கார்னர் கணுக்காலுக்குப் பாயப் போறான்னா அந்தப் பிடியில ஒரு அழுத்தம் வரும், இன்ல நிக்கவனுக்குக் கண்ணால பாக்காமலே தெரியும். அதுக்கு மாசக்கணக்குல ஆகும்.

போன செவ்வாக்கிழமை பாக்கேன், கார்னர் கையைக் குடுக்கல. இன்ல நிக்கவன் அவன் பனியன் ஓரத்தைப் பிடிச்சிட்டு நிக்கான். "ஏல, கையைப் பிடில"ன்னு சத்தம் போட்டேன். பிடிச்சான், விரல் நுனியில, சுடுத பாத்திரத்தைத் தொடுத மாதிரி. ரைடர் திரும்பினதும் விட்டுட்டான். அடுத்து நாலு ரைடு, நாலுலயும் செயின் அந்துச்சு.

விசாரிச்சா மொபைல் கேமு. நாலு பேரா இறங்கிச் சுடுத கேமு, பேரு வேண்டாம். அதுல கில்டுன்னு குழு வச்சிருக்கானுவ. கார்னர் பய இருக்க கில்டுக்கு அவங்க சாதிப் பேரு, பக்கத்துல வாள் படம். ஒரு வாரத்துல இன்ல நிக்கவனும் பதிலுக்கு அவங்க ஆளுக பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சுட்டான். ராத்திரி 11 மணிக்கு மைக்ல ஒருத்தன் அம்மாவை ஒருத்தன் சாதி சொல்லி ஏசியிருக்கான். அதை ரெக்கார்டு பண்ணி ஸ்டேட்டஸ்லயும் போட்டாச்சு.

இதுக்கு மேல அடுத்த மாசம் மின்னொளி கபடிப் போட்டி வருது. ஒரு தெருக்காரங்க 14 பேருக்கும் ஜெர்சி எடுத்துத் தாரோம்னு வந்தாங்க, நெஞ்சுல அவங்க தலைவர் படம் போடணுமாம். மறுநாளே அடுத்த தெருக்காரங்க, இன்னொரு படத்தோட.

2025 மார்ச்சுல ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல, பரீட்சை எழுத பஸ்ல போன 11ஆம் வகுப்புப் பட்டியலினப் பையனை இறக்கி வெட்டினாங்க. கை விரல் துண்டாச்சு. கபடியில அவங்க அணி ஜெயிச்சதுதான் பகைன்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. அதைப் படிச்சவனுக்கு, ரெண்டு பய கை கோக்காம நிக்கது சின்ன விஷயமாத் தெரியாது.

போனைப் பிடுங்குததா? ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி நிப்பாட்டுததா? உக்கார வச்சு நேராப் பேசுததா? இந்த 11 வருஷத்துல சாதிங்கிற வார்த்தையையே நான் தரையில எடுத்ததில்ல. அதுதான் நல்லதுன்னு நெனச்சேன். இப்ப அதுவே தப்போன்னு ராத்திரி தூக்கம் வரல.

லேட்நைட்_ஸ்குவாடு:

அண்ணே, நான் மதுரை, 22 வயசு. நானும் அப்படி ஒரு கில்டுல இருந்தவன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். 2020 லாக்டவுன்ல பத்தாவது முடிச்ச நேரம். ஸ்கூல் இல்ல, கிரவுண்டு இல்ல. கில்டுல சேரணும்னா முதல்ல ஊரைக் கேட்டாங்க, அப்புறம் தெருவைக் கேட்டாங்க. எதுக்குக் கேக்குறாங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.

ஒரு விஷயம் பெரியவங்களுக்குத் தெரியாது. அந்த மாதிரி கேம்ல ஒருத்தன் இன்னொருத்தனைச் சுட்டா ரெண்டு பேர் பேரும் ஸ்கிரீன் மேல வரும், நடுவுல துப்பாக்கிப் படம். பேர்ல சாதி இருந்தா, "இந்தச் சாதி அந்தச் சாதியைச் சாய்ச்சது"ன்னு ஒரு ராத்திரியில முப்பது தடவை கண்ணுக்கு முன்னால ஓடும். அந்த வயசுல அது மண்டைக்குள்ள என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். மறுநாள் டியூஷன்ல ஒருத்தனைப் பாத்ததும் அந்த வரிதான் ஞாபகம் வந்துச்சு. அவன் என் பக்கத்து பெஞ்சு.

ரிப்போர்ட் அடிச்சா அடங்கிரும்னு நம்பாதீங்க. எழுத்துக்கு நடுவுல புள்ளி, நம்பர், குறியீடு வச்சு எழுதுவாங்க. போனைப் பிடுங்கினா இன்னொருத்தன் போன்ல ஆடுவாங்க. டீம் பேர்லயே ஒரு கில்டு ஆரம்பிங்கண்ணே. லீடர் நீங்க. வெளிய அனுப்புற அதிகாரம் லீடருக்கு உண்டு. ராத்திரி பத்துக்கு மேல மைக் கிடையாதுன்னு நீங்க சொன்னா கேப்பாங்க, ஏன்னா அடுத்த நாள் ஆடும் ஏழு பேரைச் சொல்றதும் நீங்கதானே.

குலம்_காப்போம்:

நண்பரே, சின்னப் பசங்க விளையாட்டை நீங்கதான் பெருசாக்குறீங்க. தன் இனத்து மேல பெருமை இருக்கிறதுல என்ன தப்பு? ஒரே ஆளுக அணின்னா ஒற்றுமை கூடத்தான் செய்யும். கலந்து போட்டதாலதான் உங்களுக்கு இந்தச் சிக்கல்.

வைண்டிங்கடை_கோச்:

அந்தப் பய கைய நான் பாத்தேன், நீங்க பாக்கல. பெருமை இருந்தா தலை நிமிரும். கையைத் தொட அருவருப்பு எங்கிருந்து வந்துச்சு?

பழைய_ஸ்கோர்புக்:

"ஒரே ஆளுக அணி" என்பதை இந்தியா ஏற்கெனவே ஆடிப் பார்த்துவிட்டது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று பிரிந்து நாற்கோணக் கிரிக்கெட் ஆடினார்கள். 1937இல் ஐந்தாவது அணி சேர்ந்து அது ஐங்கோணம் ஆயிற்று, 1946இல் நின்றது. அந்த இந்துக்கள் அணியில் தலித் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு இருந்தார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் ஆடிய காலத்தில் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள், அவருக்கு வெளியே தனிக் குவளையில் கொடுத்தார்கள். பந்தை மட்டும் எல்லோரும் தொட்டார்கள். அந்த அணித் தலைமை 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நம்ம ஆளுக என்று கோடு போட்ட பிறகு, அந்தக் கோட்டுக்குள்ளேயும் இன்னொரு கோடு விழாமல் இருந்ததே இல்லை.

ரிட்டயர்டு_கண்டக்டர்:

தம்பி கோச், நீ சொல்லுத பேர்ச் சண்டையை நான் பஸ்ல பாத்திருக்கேன். 97க்கு முன்னால நம்ம மாவட்டமே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். தூத்துக்குடி சிதம்பரனார், விருதுநகர் காமராசர், சிவகங்கைக்கு முத்துராமலிங்கத் தேவர் பேரு. போக்குவரத்துக் கழகத்துக்கும் அப்படித்தான். 1997ல விருதுநகர்ல புதுக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில இருந்த பட்டியலின வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சதும், அந்தப் பேரு போட்ட பஸ்ல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் நின்னுச்சு. கலவரமாச்சு. கடைசியில எல்லா மாவட்டத்துலயும் எல்லாக் கழகத்துலயும் தலைவர்மார் பேரையே எடுத்துட்டாங்க.

கண்ணாடியில கல் விழுந்த சத்தம் இன்னைக்கும் எனக்குக் காதுல இருக்கு. கம்பிக்கு அடியில உக்காந்து பையை நெஞ்சோட கட்டிக்கிட்டிருந்தேன். அஞ்சு மாசக் கைப்பிள்ளையோட ஒரு பொம்பளை என் காலுக்குப் பக்கத்துல படுத்துக் கிடந்தா. அவ எந்தத் தெருன்னு நான் கேக்கல.

பேரை எடுத்தா சாதி போயிருமா? போகாது, போகவும் இல்ல. ஆனா பஸ்ல ஏறதுக்கு ஒரு வழி கெடச்சுது. ஒரு படம் போட்டா இன்னொரு படம் வரும், ரெண்டும் போட்டா எது மேலன்னு வரும். உன் ஜெர்சியில எந்தப் படமும் வேண்டாம்ப்பா.

பிஇடி_டீச்சர்:

சார், நான் விருதுநகர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கபடி டீம் வச்சிருக்கேன். நீங்க சாதியைப் பத்திப் பேசவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நானும் ஆறேழு வருஷம் அப்படித்தான் இருந்தேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து ஒரு பட்டியலின அண்ணனையும் தங்கச்சியையும் வெட்டின பிறகு என்னால சும்மா இருக்க முடியல. அந்தப் பையன் அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சையில 469 மார்க் எடுத்தான். அதை எங்க பிள்ளைங்ககிட்ட வாசிச்சுக் காட்டினேன். பள்ளிக்கூடத்துல சாதி மோதலைத் தடுக்க அரசு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல குடுத்த அறிக்கையிலயும் கலர் கயிறு, மோதிரம், நெத்தியில சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்கூடத்துல கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

கயிறை நான் எப்படி எடுத்தேன் தெரியுமா? கபடி விதியை வச்சு. நகம் வெட்டியிருக்கணும், உடம்புல நகை நட்டு கூடாது. கயிறும் அடுத்தவ கையை அறுக்கும், அதனால கழட்டிட்டு வான்னேன். யாரும் வீட்டுல இருந்து சண்டைக்கு வரல. கழட்டின பிறகுதான் ஏன் கட்டினீங்கன்னு பேசினேன். ரெண்டையும் மாத்திச் செஞ்சிருந்தா எடுபட்டிருக்காது.

சோடியைப் பிரிக்காதீங்க சார். பிரிச்சா, இவங்க சேர மாட்டாங்கன்னு நீங்களே முத்திரை குத்தின மாதிரி. தினம் சீட்டு எடுக்கச் சொல்லுங்க, கார்னரும் 'இன்'னுமா யாரு யாரோட வருதோ அன்னைக்கு அவங்கதான். அம்மாவை ஏசின விஷயத்தை மட்டும் சீட்டுல விட முடியாது, பையன் நேர்ல போய் அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எங்க பிள்ளைங்க கேம்ல மைக்கை ஆன் பண்றதே இல்ல. பொம்பளைக் குரல்னு தெரிஞ்ச நிமிஷமே ஆரம்பிச்சிருவாங்க, அடுத்து ஊரு, தெருன்னு போகும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் ஹாக்கியில ஹாட்ரிக் கோல் அடிச்ச வந்தனா கட்டாரியா வீட்டு முன்னாடியே, அரையிறுதியில இந்தியா தோத்த அன்னைக்கு வெடி வெடிச்சு சாதி சொல்லி ஏசினாங்களே. நாட்டுக்காக ஆடினவளுக்கே அப்படின்னா எங்க பிள்ளைங்க எம்மாத்திரம்?

வைண்டிங்கடை_கோச்:

டீச்சர், கண்டக்டர் அண்ணாச்சி, மதுரைத் தம்பி, ஸ்கோர்புக் சார், எல்லாருக்கும் நன்றி. பத்து நாள்ல நடந்ததைச் சொல்லுதேன்.

ஞாயித்துக்கிழமை பயலுவளைத் தரையில வட்டமா உக்கார வச்சு முதத் தடவையா அந்த வார்த்தையைச் சொன்னேன். தொண்டை வறண்டு போச்சு. எவனும் நிமிந்து பாக்கல. இன்ல நிக்கவன் மட்டும், "அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான்"னான். கார்னர் அழுதுட்டான். சாயங்காலம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு ரெண்டு வீட்டுக்கும் போனேன். கார்னர் போயி நின்ன வீட்டுல அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல, குடிக்கத் தண்ணி மட்டும் கொண்டுவந்து வச்சாங்க. அவன் முழுச் செம்பையும் குடிச்சான்.

டீம் பேர்ல கில்டு ஆரம்பிச்சாச்சு. 12 பேரு வந்துட்டானுவ. ஐடிஐ பய ரெண்டு பேரு வரல, அதுல ஒருத்தன் தரைக்கும் வரல. அவன் பெரியப்பாதான் முதல்ல ஜெர்சி தாரேன்னு வந்தவரு, படம் வேண்டாம்னதும் முறுக்கிக்கிட்டாரு. இன்னைக்குக் கடை அடைச்சதும் அவங்க வீட்டுக்குப் போறேன்.

சீட்டு எடுக்க ஆரம்பிச்சு நாலு நாள். நேத்து அந்த ரெண்டு பேருக்கும் சேந்து விழுந்துச்சு. மூணாவது ரைடுல கார்னர் பாஞ்சான், இன் இழுத்தான், பாடி வந்தவன் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால மல்லாந்தான். எந்திரிச்சதும் கையை விட்டுட்டானுவ, ஒருத்தனை ஒருத்தன் பாக்கல. ஆனா பிடிச்சிருந்தப்ப உள்ளங்கையோட உள்ளங்கைதான் இருந்துச்சு.

ஜெர்சியை நானே எடுக்கேன். முன்னால நம்பர், முதுகுல ஊருப் பேரு, வேற எதுவும் கிடையாது. பாளையங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கம் 14 பீஸுக்குக் குறைஞ்ச விலையில அடிச்சுத் தார கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. 20 நாள்தான் இருக்கு.