சிவிலைசேஷன் 6: குன்றின் மேல் இருக்கும் மதில் நகரத்தைப் பிடிப்பது எப்படி?

ஒயிட்ஃபீல்டு பயணி:
வணக்கம் நண்பர்களே. சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டைக் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துடன் விளையாடுகிறேன். அண்டை நாட்டின் எல்லை நகரம் குன்றின் மேல் இருக்கிறது, பழங்கால மதிலும் எழுப்பிவிட்டார்கள். என்னிடம் மூன்று வாள்வீரர் படைகளும் நான்கு வில்லாளர் படைகளும் இருக்கின்றன. அம்புகள் மதிலில் கீறல்தான் போடுகின்றன. வாள்வீரர் மோதினால் அவர்களுக்கே சேதம் அதிகம். பின்வாங்கிக் காயம் ஆற்றித் திரும்பினால் மதில் புதிதாக நிற்கிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள். இரவு மெட்ரோவில் அல்சூர் திரும்பும்போது படித்துவிடுவேன்.

ஜெயநகர் தளபதி:
படையின் அளவு போதும், சேர்க்கைதான் சரியில்லை. மதில் நிற்கும்வரை வாள்வீரர் அடியில் ஏறக்குறைய 15 சதவீதமும் அம்பில் பாதியும்தான் அதில் இறங்கும். மதிலை இடிக்க உதவும் பேட்டரிங் ராம் ஒன்றே ஒன்று கட்டுங்கள், மேசன்ரி தொழில்நுட்பம் தெரிந்திருந்தால் போதும். வாள்வீரர் நிற்கும் அதே அறுகோணக் கட்டத்தில் வைத்து நகரத்தை ஒட்டிக் கொண்டுபோங்கள். அங்கே மோதும் வாள்வீரர், ஈட்டிவீரர் அனைவருக்கும் அந்த ஒன்றே பயன்படும். குதிரைப்படைக்கு மட்டும் பயன்படாது. எதிரி இடைக்கால மதில் கட்டிவிட்டால் ராம் வீண், மதிலைத் தாண்ட உதவும் சீஜ் டவர் தேவைப்படும். அதற்குள் முடித்துவிடுங்கள்.

நொச்சி:
தளபதி சொன்னது சரி. ஆனால் நிறையப் பேர் முற்றுகையையே மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். மதில் வேறு, நகரத்தின் சொந்த உயிர்ப்புள்ளிகள் வேறு; அவை சுற்றுக்கு 20 மீள்கின்றன. அதை ஒட்டிய ஆறு கட்டங்களும் உங்கள் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வந்துவிட்டால் அந்த மீட்சி நின்றுவிடும். ஆறு படைகள் வேண்டாம். ஒவ்வொரு வாள்வீரரும் தன்னை ஒட்டிய கட்டங்களையும் அடக்குவார் என்பதால் நகரத்தின் இரு பக்கமும் நேரெதிராக இருவர் நின்றாலே வளையம் முடிந்துவிடும். இடையில் ஆறு ஓடினால் மூன்றாமவரையும் நிறுத்துங்கள். வில்லாளருக்கு இந்த வளையம் கிடையாது.

ஒவ்வொருவராக உள்ளே அனுப்பாதீர்கள். மதில் இரண்டு கட்டம் வரை சுடும். மூன்றாவது கட்டத்தில் எல்லோரையும் திரட்டி ஒரே சுற்றில் இறங்குங்கள், அடி பலர்மேல் பிரிந்துபோகும். மதில் தானாக ஆறுவதில்லை, சில சுற்றுகள் தாக்குதல் இல்லாவிட்டால்தான் உற்பத்தி செலவிட்டுச் செப்பனிடுவார்கள். நீங்கள் பின்வாங்குவதுதான் அவர்களுக்கு அந்த அவகாசத்தைத் தருகிறது. காயம்பட்டவரைக் களத்திலேயே தேற்றுங்கள்: எதிரியின் பண்ணையைச் சூறையாடினால் 50 உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும், பதவி உயர்வு கொடுத்தாலும் 50. பதவி உயர்வைச் சேமித்து வைத்திருங்கள்.

ஒயிட்ஃபீல்டு பயணி:
மிக்க நன்றி. வில்லாளர் நால்வரையும் என்ன செய்வது? கலைத்துவிடலாமா?

நொச்சி:
கூடவே கூடாது! நகரத்தைக் காக்க வரும் படைகளை அடிக்க அவர்களைவிடச் சிறந்தவர்கள் இல்லை. வாள்வீரருக்குப் பின்னால், முடிந்தால் நகரத்தின் வீச்சுக்கு வெளியே வையுங்கள். கடைசியில் நகருக்குள் நுழைய ஒரு வாள்வீரர் உயிரோடு இருக்க வேண்டும், வில்லாளரால் நகரத்தைக் கைப்பற்ற முடியாது.

ஒயிட்ஃபீல்டு பயணி:
நகரம் விழுந்துவிட்டது! ராம் சேர்ந்ததும் மதில் மளமளவென்று சரிந்தது. ஆனால் இப்போது அந்த நகரத்துக்கு என்மேல் உள்ள விசுவாசம் சுற்றுக்குச் சுற்று இறங்குகிறது, கலகம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜெயநகர் தளபதி:
வாழ்த்துகள்! உடனே ஆளுநரை அனுப்புங்கள், சுற்றுக்கு 8 விசுவாசம் கூடும். உங்கள் ஆளுநர்களில் விக்டர் இருந்தால் அவரையே அனுப்புங்கள். மற்றவர்கள் பொறுப்பேற்க ஐந்து சுற்றுகள் ஆகும், அவருக்கு மூன்றுதான். ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் எதிரி மக்கள்தொகைதான் விசுவாசத்தைக் குறைக்கும் அழுத்தம் தருகிறது. ஆகவே ராமை நிறுத்திவைக்காமல் பக்கத்து நகரத்துக்கு நகர்த்துங்கள்.