உங்கள் பல்சர் சூரியனுக்கு எவ்வளவு அருகில் வருகிறது?

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், நண்பர்கள் இருவருடன் ஒரு வார இறுதியில் சென்றுவந்த வானியல் மாநாட்டில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். வெள்ளி இரவு ரயிலேறி, சனியும் ஞாயிறும் மாநாட்டில் இருந்துவிட்டு, திங்கள் காலை ஆய்வகத்துக்குத் திரும்பினோம். உடன் வந்தவர்களில் தோழி, விண்மீன் கொத்துகளில் ஒளி மாறும் விண்மீன்களை ஆராய்பவள். நண்பன் ஈர்ப்பலைத் தரவுகளில் வேலை செய்பவன். மூவரில் பல்சர்களை, அதாவது சுழலும்போது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் இறந்த விண்மீன்களை, ஆராய்பவர் நான் மட்டுமே. இதைச் சொல்லக் காரணம் உண்டு. அவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்களாக இருந்திருந்தால், சனி இரவு எனக்குக் கிடைத்த உதவி அந்த வடிவத்தில் கிடைத்திருக்காது.

எனக்குச் சனி பிற்பகல் போஸ்டர் அமர்வும், ஞாயிறு முற்பகல் ஐந்து நிமிடக் குறுவுரையும் ஒதுக்கப்பட்டிருந்தன. போஸ்டரில் இருந்தது ஒரு மில்லி நொடிப் பல்சரின் மூன்றரை ஆண்டுத் தரவு. இவ்வகைப் பல்சர்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்பவை; 1982-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நொடிக்கு 642 முறை சுழல்கிறது. அவற்றின் சுழற்சி மிகச் சீரானது என்பதால், ஒவ்வொரு துடிப்பும் எப்போது வந்துசேர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, உண்மையில் வந்த நேரத்தோடு ஒப்பிடலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எச்சம் என்கிறோம். பல்சரைப் பற்றிய நம் கணக்கு முழுமையாக இருந்தால் எச்சங்கள் சுழியத்தைச் சுற்றி ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். என் படத்தில் அவை அப்படிக் கிடக்கவில்லை. மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை அதில் தெரிந்தது. அலையின் காலம் 371 நாள் என்றும், பிழை வரம்பு 15 நாள் என்றும் கணக்கிட்டிருந்தேன். பல்சரைச் சுற்றிவரும் ஒரு சிறிய துணைக்கோள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று போஸ்டரின் கடைசிப் பெட்டியில் எழுதியிருந்தேன். அப்படி ஒன்று இருந்தால் அதன் நிறை நம் நிலவின் நிறையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்த வரியை எழுதும்போது என் மனத்தில் இருந்தது ஜோஸலின் பெல்லின் கதை. இத்துறைக்கு வரும் மாணவர் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது அதுதான். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த அவர், நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வந்து குவிந்த பதிவுத்தாளில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். அதை விட்டுவிடாமல் தொடர்ந்ததால்தான் பல்சர்கள் கண்டறியப்பட்டன. படத்தில் தெரியும் சிறு பிசிறை அலட்சியம் செய்யக் கூடாது என்ற பாடத்தை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அதே கதையில் இன்னொரு பாடமும் இருப்பது எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

போஸ்டர் அமர்வின் முதல் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேராவது வந்து நின்றிருப்பார்கள். பெரும்பாலோர் தலைப்பைப் படித்தார்கள், கடைசிப் பெட்டியைப் படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் மற்றவர்களின் போஸ்டர்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனேன். பிறகு வயதில் மூத்த ஓர் அம்மையார் வந்தார். அவர் தலைப்பையும் படிக்கவில்லை, முடிவையும் படிக்கவில்லை. நேராக எச்சப் படத்தின் முன் நின்று, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, தாளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கியபோது, கையை மெல்ல உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கள். இந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு நாளின் அளவீடா, அல்லது சராசரியா?"

மாதச் சராசரி என்றேன்.

"அதனால்தான் மேடுகள் இவ்வளவு உருண்டையாகத் தெரிகின்றனவோ என்னவோ. இருந்தாலும் பாருங்கள், மேடுகள் குறுகலாக இருக்கின்றன, பள்ளங்கள் அகலமாக, ஏறக்குறைய தட்டையாக இருக்கின்றன. வட்டப் பாதையில் சுற்றும் துணைக்கோள் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?" என்றவர், அடுத்து இந்தப் பதிவின் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டார். "உங்கள் பல்சர் வானத்தில் சூரியனுக்கு எவ்வளவு அருகில் வருகிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாண்டுகளாக ஒரே பல்சரைப் பார்த்துவந்தவருக்கு, அது வானத்தில் சூரியன் ஓராண்டில் செல்லும் பாதையான சூரிய வீதியிலிருந்து எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பல்சரின் இருப்பிடத்தை வான நடுவரையை அடிப்படையாகக் கொண்ட ஆயங்களில்தான் நான் எப்போதும் எழுதிவந்தேன். சூரிய வீதியை அடிப்படையாகக் கொண்டு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் காத்திருந்தார். நான் கைப்பேசியில் கணக்கிட்டுச் சொன்னேன்: நான்கு பாகை.

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, போஸ்டரில் எழுதலாமா என்று கேட்டு, நான் சரி என்றதும் 371 என்ற எண்ணுக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தார். "பெல் தன் கிறுக்கலை எப்படி நம்பினார் என்பது நினைவிருக்கிறதா? அது 24 மணிக்கு ஒருமுறை வரவில்லை. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. முதல் எண் மனிதர்களுடையது, இரண்டாவது விண்மீன்களுடையது. ஓர் ஆண்டு என்பது யாருடைய எண்?"

பூமியுடையது என்றேன். என் 371-இன் பிழை வரம்புக்குள் 365-உம் அடங்கியிருந்தது. சொல்லும்போதே வயிறு கலங்கியது.

அதன் பிறகு ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். வேறு யாரும் வராமல் இருக்க வேண்டும் என்று அப்போது நான் விரும்பியது வெட்கத்தால் அல்ல. அந்தப் பேச்சு தடைபடக் கூடாது என்பதால்தான். பல்சர் ஆய்வாளர் ஆண்ட்ரூ லைனின் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் அவரே. 1991-ல் லைனும் அவருடைய குழுவினரும், ஒரு பல்சரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் கோளைக் கண்டறிந்ததாக நேச்சர் இதழில் அறிவித்தார்கள். ஆறு மாதம் என்பது ஆண்டின் சரிபாதி. பல்சரின் இருப்பிடத்தில் இருந்த பிழையும், பூமியின் பாதை நீள்வட்டமானது என்பதைத் தோராயமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் சேர்ந்து, இல்லாத கோளொன்றைத் தோற்றுவித்திருந்தன. 1992 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் அந்தக் கோளைப் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டிருந்த லைன், மேடையேறி, கோள் இல்லை, பிழை எங்களுடையது என்று சொன்னார். அவையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருக்கு அடுத்துப் பேசிய அலெக்சாண்டர் வோல்ஷ்சான், வேறொரு பல்சரை 66 நாளிலும் 98 நாளிலும் சுற்றிவரும் இரு கோள்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் கோள்கள் நிலைத்துவிட்டன. வோல்ஷ்சானோடு சேர்ந்து பணியாற்றிய டேல் ஃப்ரெய்ல் வேறொரு தொலைநோக்கியால் அந்தப் பல்சரின் இருப்பிடத்தைத் தனியாக அளந்து உறுதிசெய்திருந்தார் என்பதை அந்த அம்மையார் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

என் பல்சருக்கு அவர் ஐயுற்றது இருப்பிடப் பிழையை அல்ல, சூரியக் காற்றை. சூரியனிலிருந்து எந்நேரமும் வெளிப்படும் மின்னேற்றத் துகள்களின் ஊடாக ரேடியோ அலைகள் வரும்போது, அங்குள்ள எலக்ட்ரான்கள் அவற்றைச் சிறிது தாமதப்படுத்தும். சூரியனை நெருங்க நெருங்க எலக்ட்ரான் அடர்த்தி கூடும். சூரிய வீதிக்கு நான்கு பாகை அருகில் உள்ள பல்சரிலிருந்து வரும் அலைகள் ஆண்டுக்கு ஒருமுறை சூரியனுக்கு மிக அருகில் கடந்து வர வேண்டியிருக்கும். அந்தச் சில வாரங்களில் மட்டும் தாமதம் திடீரென உயர்ந்து பிறகு தணியும். குறுகிய மேடு, அகன்ற பள்ளம் என்று அவர் படத்தில் பார்த்த வடிவம் இதுவே.

மாலையில் தங்கும் விடுதி அறைக்கு வந்ததும் இருவரிடமும் சொன்னேன். தோழி முதலில் கேட்டது, "இதைப் பிரித்தறிய வழி இருக்கிறதா, இல்லையா?" என்பதுதான். வழி இருந்தது. எலக்ட்ரான்கள் உண்டாக்கும் தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் மாறும். எனவே 400 மெகாஹெர்ட்ஸில் தெரியும் தாமதம் 1400 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிட வேண்டும். துணைக்கோளின் ஈர்ப்பால் வரும் விலகலோ எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருக்கும். என்னிடம் இரண்டு அதிர்வெண்களிலும் தரவு இருந்தது; 1400-இல் எடுத்தவை எண்ணிக்கையில் குறைவு என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தேன். என் பிழை அங்கேதான் இருந்தது. துடிப்பு வரும் நேரத்தைக் கணக்கிட வேண்டிய எண்கள் உள்ள அளவுருக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, சூரியக் காற்றின் எலக்ட்ரான் அடர்த்தி என்ற இடத்தில் சுழியம் இருந்தது. வேறொரு பல்சருக்காக எழுதிய பழைய கோப்பை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். சூரிய வீதியிலிருந்து வெகு தொலைவில் இருந்த அந்தப் பல்சருக்குச் சுழியம் பெரிய தீங்கு செய்திருக்காது.

இரவு பத்து மணிக்குத் தொடங்கினோம். நண்பன் தரவுகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்தான். நான் மாதச் சராசரியை நீக்கி நாள் அளவீடுகளை மீட்டேன். தோழி ஒவ்வொரு நாளுக்கும் பல்சருக்கும் சூரியனுக்கும் இடையே வானத்தில் இருந்த கோணத்தைக் கணக்கிட்டாள். நள்ளிரவு தாண்டியதும் இரண்டு படங்கள் திரையில் வந்தன. 400-இல், ஆண்டுதோறும் அதே வாரத்தில், 20 மைக்ரோ நொடிக்கு மேல் எழும் கூரிய முகடுகள் தெரிந்தன. 1400-இல் தெரிந்தது ஏறக்குறைய சமதளம். மூவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தோழி, "முகடு வரும் நாள் எல்லாம் கோணம் மிகக் குறைவாக இருக்கும் நாள்தான், பார்" என்று தன் பட்டியலை என் பக்கம் திருப்பினாள்.

குறுவுரையை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. ஐந்து நிமிடம்தானே, கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுத் தரவை மட்டும் காட்டினால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை என்றான் நண்பன். என்மீதுள்ள அக்கறையால் அவன் சொன்னது அது. அந்த இரவில் அந்த யோசனை எனக்கும் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் சுருக்கவுரை ஏற்கெனவே மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகியிருந்தது. துணைக்கோள் என்ற சொல் அதில் இருந்தது. நான் மௌனமாக இருந்தால் அந்தச் சொல் அங்கேயே இருக்கும். காலை ஆறு மணிக்கு நெறியாளரை அழைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எதையும் நீக்க வேண்டாம். பழைய படத்தை முதலில் காட்டுங்கள், பிறகு புதிய இரண்டையும் காட்டுங்கள். அந்தச் சுழியம் இருந்த கோப்பை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கும் தோன்றவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அதைச் சொன்னதற்காக அவர்மீது எனக்கு இருக்கும் மதிப்பு இன்றும் குறையவில்லை.

உரை நான்கரை நிமிடத்தில் முடிந்தது. அவை எழுந்து நிற்கவில்லை. அப்படி நிற்கும் அளவுக்கு என் கோள் யாருக்கும் தெரிந்ததும் இல்லை. ஆனால் கேள்விகள் வந்தன. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தன் தரவிலும் ஆண்டுக்கொரு மேடு தெரிவதாகவும், அதைக் கருவியின் கோளாறு என்று எண்ணி அந்த வாரங்களை வெட்டிவிட்டதாகவும் சொன்னார். உரைக்குப் பின் நாங்கள் இருவரும் வாசலருகே நின்று நெடுநேரம் பேசினோம்; இன்றும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்கிறோம். அவையின் பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்த அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்று: "மூன்று ஆண்டு முகடுகளும் ஒரே உயரமா?"

ஒரே உயரம் அல்ல. அவர் கேட்கும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது முகடு முதலாவதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவது. சூரியக் காற்றும் அதோடு மாறும். அப்படியானால் எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அடர்த்தி எண்ணைப் போடுவதும் தவறு. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியே அளக்க வேண்டும். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் இப்போது அந்த அளவீட்டைப் பற்றியதுதான். அவர் மதிய ரயிலுக்குப் புறப்பட வேண்டியிருந்ததால் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது படிக்கட்டில் இரண்டு நிமிடம் மட்டுமே. முடிவைப் படிக்காமல் படத்தை மட்டும் ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டேன். முடிவைப் படித்துவிட்டால் அதைத்தான் படத்தில் பார்ப்பேன் என்றார்.

அன்று இரவு திரும்பும் ரயிலில் நண்பன் ஏறியவுடன் உறங்கிவிட்டான். நான் போஸ்டரைச் சுருட்டி வைத்த குழாயைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எதிர்ப்படுக்கையில் மடிக்கணினியின் வெளிச்சம் நெடுநேரம் அணையவில்லை. தோழி தன் விண்மீன்களின் பட்டியலைத் திறந்து, ஒளி மாறும் காலம் 365 நாளுக்கு அருகில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துத் தனியே எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை கிடைத்தன என்று கேட்டேன். இதுவரை ஏழு என்றாள்.